ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள்

இடுப்பு வலி என்று என்னிடம் வருகிறவர்களில் பலர், பேச ஆரம்பிக்கும் முன்பே ஒரு பெரிய உறையை மேசைமேல் வைத்துவிடுகிறார்கள். உள்ளே எம்.ஆர்.ஐ. படம் இருக்கும். "எல் ஃபோர், எல் ஃபைவ்ல ஜவ்வு விலகியிருக்குதுங்க அம்மிணி" என்று நோயின் பெயரையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். நான் உடனே அந்த உறையைப் பிரிப்பதில்லை. எழுந்து நிற்கச் சொல்வேன். "வலி எங்க இருக்குதோ, அந்த இடத்தை ஒரே ஒரு விரலால தொட்டுக் காட்டுங்க" என்பேன்.

சிலருடைய விரல் நட்டநடு முதுகெலும்பின்மேல் போய் நிற்கும். சிலர் உள்ளங்கையை விரித்து இடுப்பு முழுவதையும் தடவிக் காட்டுவார்கள். ஆனால் கணிசமான பேருக்கு விரல் இன்னும் கீழே இறங்கும். வேட்டியோ சேலையோ கட்டுகிற இடத்துக்குக் கீழே, முதுகின் இரண்டு பக்கமும் லேசாகக் குழி விழுந்திருக்குமே, அந்தக் குழியை ஒட்டினாற்போல ஒரு பக்கத்தில் போய் அழுத்தி நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி காட்டச் சொன்னாலும் அதே இடம்தான். அந்த விரலுக்கு அடியில் இருப்பது சாக்ரோ இலியாக் மூட்டு. எஸ்.ஐ. ஜாயின்ட் என்று சொல்வோம். மேட்டூரில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கும் எனக்கு, இந்த ஊர்க்காரர்களிடம் நிறையப் பேச வேண்டும் என்று தோன்றுகிற மூட்டு இது. முழங்கால் மூட்டு தெரியும், தோள்பட்டை தெரியும். இப்படி ஒரு மூட்டு தனக்கு இருக்கிறது என்றே தெரியாமல் அதன் வலியோடு வருடக்கணக்கில் வாழ்கிறவர்கள் இங்கே நிறைய.

முதுகெலும்பின் கடைசியில், வால் எலும்புக்கு மேலே, முக்கோண வடிவில் ஓர் எலும்பு இருக்கிறது. அதுதான் சாக்ரம். பாறை பிளக்க அடித்த ஆப்பு மாதிரி அது இரண்டு இடுப்பெலும்புகளுக்கு நடுவில் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. அது இடுப்பெலும்பைத் தொடுகிற இடம்தான் இந்த மூட்டு, வலத்தில் ஒன்று, இடத்தில் ஒன்று. தலை, கை, நெஞ்சு, தூக்கியிருக்கிற சுமை என்று உடம்பின் மேல்பாதி எடை முழுவதும் இந்த இரண்டு மூட்டுகள் வழியாகத்தான் கால்களுக்கு இறங்குகிறது. உடம்பிலேயே மிக வலுவான தசைநார்களில் சில இங்கேதான் இருக்கின்றன. அசைவு மிகக் குறைவு; இரண்டு மூன்று டிகிரி, ஓரிரு மில்லிமீட்டர். அவ்வளவு கொஞ்சமாக அசைகிற மூட்டு எப்படி வலிக்கும் என்று கேட்பார்கள். வேலை எடையைக் கடத்துவதுதான் என்பதால், ஒரு பக்கம் சுமை ஏறினாலும், தசைநார் தளர்ந்தாலும், உள்ளே அழற்சி வந்தாலும் வலிக்கும். நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ளவர்களில் சுமார் 15 முதல் 30 சதவீதம் பேருக்கு வலியின் ஊற்று இந்த மூட்டுதான் என்று மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன.

விரலால் காட்டச் சொல்வது என் கண்டுபிடிப்பு இல்லை. ஜோசப் ஃபோர்ட்டின் என்ற அமெரிக்க மருத்துவர் 1994-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். இடுப்பு வலியே இல்லாத 10 பேருடைய எஸ்.ஐ. மூட்டுக்குள் ஊசி செலுத்தி, அப்போது வலி எங்கே எழுகிறது என்று உடம்பின்மேல் வரைந்து பார்த்தார். எல்லோருக்கும் பொதுவாக வந்தது அந்தக் குழிக்குக் கீழே உள்ளங்கையளவு இடம். பிறகு 1997-ல், நோயாளி ஒரே விரலால் அதே இடத்தை இரண்டு முறை காட்டினால் இந்த மூட்டைச் சந்தேகிக்கலாம் என்று எழுதினார். செலவில்லாத சோதனை. ஆனாலும் அதற்கு நோயாளியை எழுந்து நிற்கவைத்து, அவர் பின்னால் போய் நின்று பார்க்க வேண்டும். கூட்டம் நிறைந்த புறநோயாளர் பிரிவில் அந்த ஒரு நிமிடம்தான் கிடைப்பதில்லை.

ஜவ்வுக்கு, அதாவது டிஸ்க்குக்கு மட்டும் எப்படி இவ்வளவு பெயர் வந்தது? இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அது நம் ஊர் அணையோடு தேதியில் ஒட்டிக்கொண்டிருப்பதால் எனக்கு மறக்கவே மறக்காது. 1905-ல் பாஸ்டன் நகரத்து மருத்துவர்கள் ஜோயல் கோல்ட்வெயிட், ராபர்ட் ஆஸ்குட் இருவரும், இடுப்பு வலிக்கும் காலில் இறங்குகிற வலிக்கும் எஸ்.ஐ. மூட்டு ஒரு முக்கியக் காரணம் என்று எழுதினார்கள். அடுத்த முப்பது வருடம் மருத்துவ உலகம் இந்த மூட்டைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் அளவுக்கு மீறியே பிடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் 1934 ஆகஸ்ட் வந்தது. இங்கே மேட்டூர் அணை திறக்கப்பட்ட அதே மாதம், அங்கே அதே பாஸ்டனில் வில்லியம் மிக்ஸ்டரும் ஜோசப் பார்ரும் முதுகெலும்பு டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதையும் அதை அறுவை செய்து சரியாக்குவதையும் பற்றி எழுதினார்கள். 1905-ன் கட்டுரை வந்த அதே இதழில்தான், பெயர் மட்டும் மாறியிருந்தது. அதற்குப் பின் காற்று திசை மாறிவிட்டது. இடுப்பு வலி என்றாலே டிஸ்க். எஸ்.ஐ. மூட்டு பாடப்புத்தகத்தின் ஓரத்துக்குப் போய்விட்டது. அது மறுபடி பேசப்பட ஐம்பது அறுபது வருடம் ஆனது. எம்.ஆர்.ஐ. வந்தபோது அந்த டிஸ்க் கண்ணுக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது. கண்ணுக்குத் தெரிகிறதையெல்லாம் வலிக்குக் காரணம் என்று நம்புவது எளிது.

இதைச் சொல்லும்போது நான் ஒரு கணக்கையும் சேர்த்துச் சொல்வேன். 1994-ல் வந்த ஓர் ஆய்வில், இடுப்பு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அதில் 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மட்டத்தில் டிஸ்க் வீங்கியிருந்தது. எல்லா டிஸ்க்கும் குறையில்லாமல் இருந்தவர்கள் 36 சதவீதம் பேர்தான். 2015-ல் பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, வலி இல்லாத 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. 80 வயதில் 96 சதவீதம். தலைமுடி நரைப்பது போய் நோய் ஆகிவிடுமா? எனவே படத்தில் "டிஸ்க் பல்ஜ்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து நெஞ்சு பதற வேண்டியதில்லை. உடம்பைத் தொட்டுப் பார்த்துக் கிடைத்த முடிவோடு படம் பொருந்தினால்தான் அந்தப் படத்துக்கு அர்த்தம். அதனால்தான் உறையைக் கடைசியில் பிரிக்கிறேன்.

டிஸ்க் உண்மையாகவே நரம்பை அழுத்துகிறவர்களும் வருகிறார்கள். அவர்களுடைய கதை வேறு மாதிரி இருக்கும். வலி முழங்காலைத் தாண்டிப் பாதம் வரைக்கும், பெரும்பாலும் ஏதாவது ஒரு விரல் வரைக்கும் மின்சாரம் பாய்ந்த மாதிரி இறங்கும். தும்மினால், இருமினால் கால் சுண்டும். பாதத்தில் ஒரு பகுதி மரத்துப்போயிருக்கும். மல்லாந்து படுத்திருக்கும்போது காலை நீட்டியபடியே தூக்கினால் கத்துவார்கள். எஸ்.ஐ. மூட்டு வலியும் தொடைக்கு இறங்கும், சில சமயம் இன்னும் கீழே கூட. ஆனால் மரத்துப்போவதும் பலவீனமும் அதன் குணமில்லை. அந்த வலிக்காரர்கள் சொல்வதைக் கேட்டாலே புரியும்: "படுக்கையில பொரண்டு படுக்கவே முடியலைங்க", "ஒத்தக் கால்ல நின்னு பேன்ட் போட முடியலை", "உக்காந்து எந்திரிக்கறப்பதான் உயிர் போகுது, நாலு அடி நடந்துட்டா பரவால்லீங்க", "பைக்குல காலைத் தூக்கிப் போட முடியலை". ஒரு பக்கமாகச் சுமை ஏறும் ஒவ்வொரு அசைவும் அதில் இருக்கும்.

அடுத்து, படுக்கவைத்துச் செய்கிற சோதனைகள். மல்லாந்து படுக்கவைத்து முன்பக்க இடுப்பெலும்பு இரண்டையும் வெளிப்பக்கமாக அழுத்துவது ஒன்று. ஒருக்களித்துப் படுக்கவைத்து மேலிருந்து கீழாக அழுத்துவது ஒன்று. முழங்காலை மடக்கித் தொடை வழியாகக் கட்டிலை நோக்கி அழுத்துவது ஒன்று. குப்புறப் படுக்கவைத்து சாக்ரத்தின் மேல் உள்ளங்கையால் அழுத்துவது ஒன்று. கட்டில் ஓரத்தில் ஒரு காலைத் தொங்கவிட்டு இன்னொரு முழங்காலை நெஞ்சோடு சேர்ப்பது ஒன்று. இவற்றில் எதுவும் தனியாக நம்பத் தகுந்தது இல்லை. நியூசிலாந்தின் பிசியோதெரபிஸ்ட் மார்க் லாஸ்லெட் 2000-களில் செய்த ஆய்வுகள்தான் இதில் வழி காட்டின: மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சோதனைகளில் அவருக்குப் பழக்கமான அதே வலி எழுந்தால், எஸ்.ஐ. மூட்டு என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். "அதே வலி" என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எங்கே அழுத்தினாலும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். "இதுதாங்க, இதேதான்" என்று அவர் வாயிலிருந்து வர வேண்டும். அதற்கும் மேல் உறுதி வேண்டுமென்றால், எக்ஸ்ரே உதவியோடு மூட்டுக்குள் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தி வலி அடங்குகிறதா என்று பார்க்கலாம். அதை வலி மருத்துவ நிபுணரோ எலும்பு மருத்துவரோ செய்வார். எல்லோருக்கும் அது தேவைப்படுவதில்லை.

நம் பக்கத்து வேலைகளைப் பார்த்தால் இந்த மூட்டுக்கு ஏன் இவ்வளவு வேலை என்று புரிகிறது. ஜலகண்டாபுரத்திலும் நங்கவள்ளியிலும் வனவாசியிலும் தறிப்பட்டறைகளில் பகலும் இரவும் சிமென்ட் தரையில் நின்றுகொண்டே வேலை. பாவு சுற்றிய பீமை இரண்டு பேர் தூக்கி வைக்கும்போது இடுப்பு ஒரு பக்கம் திரும்பியே இருக்கும். சங்ககிரி, நாமக்கல் லாரி ஓட்டுநர்கள் இடது காலால் கிளட்சை மிதித்தபடி நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார்கள். பண்ணவாடிப் பக்கம் பரிசலில் மீன் பிடிக்கிறவர்கள் காலை மடக்கி உட்கார்ந்து உடம்பை ஒரே பக்கமாகத் திருப்பித் துடுப்புப் போடுகிறார்கள். பெண்கள் பைக்கில் இரண்டு காலையும் ஒரே பக்கம் போட்டு உட்கார்ந்து மேச்சேரி வரைக்கும் போய் வருகிறார்கள். இடுப்பில் குழந்தை, கையில் குடம். இதில் எது எவ்வளவு காரணம் என்று ஒருத்தருக்கு ஒருத்தர் மாறும். ஆனால் வலி வந்தவரிடம் அவர் நாள் எப்படிப் போகிறது என்று கேட்காமல் சிகிச்சையை ஆரம்பிக்கவே முடியாது.

கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். கர்ப்ப காலத்தில் இடுப்பைச் சுற்றியிருக்கிற தசைநார்கள் தளர்கின்றன. பிரசவத்துக்கு அது தேவை. அதே நேரத்தில் வயிற்று எடை முன்னுக்கு இழுக்கிறது. இரண்டும் சேர்ந்து எஸ்.ஐ. மூட்டுக்கு வலி வருவது சகஜம். பெரும்பாலானவர்களுக்குப் பிரசவமான சில மாதங்களில் அது போய்விடும். சிலருக்குப் போகாது. அந்தச் சிலர்தான் வீட்டில் கேட்பாரற்றுப் போகிறார்கள். "பிள்ளை பெத்தவளுக்கு இடுப்பு வலிக்காம இருக்குமா" என்று ஒரு வாக்கியத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சிசேரியன் ஆனவர்களென்றால், "முதுகுல போட்ட ஊசிதான் காரணம்" என்று எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கும், உண்மைதான். ஆனால் குழந்தைக்கு ஒரு வயது ஆன பிறகும் புட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பக்கம் மட்டும் வலித்தால், அந்த ஊசியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பதை விட்டு மூட்டைப் பார்க்க வேண்டும். நார்வேயில் பிரிட் ஸ்டூகே என்ற பிசியோதெரபிஸ்ட், பிரசவத்துக்குப் பின் இப்படி வலியோடு இருந்த பெண்களுக்கு, அடிவயிறு, முதுகு, புட்டத் தசைகளை நிதானமாக வலுப்படுத்தும் உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்தார். 2004-ல் வெளியான அந்த ஆய்வில், இந்தப் பயிற்சி செய்த பெண்களுக்கு மற்றவர்களைவிட வலியும் முடக்கமும் நன்றாகக் குறைந்திருந்தன. இரண்டு வருடம் கழித்தும் அந்தப் பலன் நிலைத்திருந்தது. அந்த ஆய்வை நினைக்கும்போதெல்லாம், நம் வீடுகளில் ஒரு தாய்க்கு நாளைக்கு இருபது நிமிடம் தனக்கென்று கிடைத்தால் எத்தனை இடுப்புகள் தேறும் என்று நினைப்பேன். மாமியாரையும் கூடவே உட்காரவைத்துத்தான் இப்போதெல்லாம் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறேன். "அந்த நேரத்துக்குக் குழந்தையை நீங்க பாத்துக்கோணுமுங்க" என்று அவரிடமே கேட்டு வாங்கிக்கொள்வேன். அது மருந்துச்சீட்டைவிட நன்றாக வேலை செய்கிறது.

இன்னொரு கூட்டம் உண்டு. அவர்களைத் தவறவிட்டால் ஈடு செய்ய முடியாது. வயது இருபதுகளில், முப்பதின் ஆரம்பத்தில் இருப்பார்கள். அடிபட்டிருக்காது, சுமை தூக்கியிருக்காது. வலி மெல்ல மெல்ல வந்திருக்கும். இரவு இரண்டு மூன்று மணிக்கு மேல் வலி எழுப்பிவிடும். காலையில் எழுந்தால் இடுப்பு கட்டிப்போட்ட மாதிரி இருக்கும், அரை மணி நேரம், ஒரு மணி நேரம் ஆகும் பிடிப்பு விட. நடந்தால், வேலை செய்தால் குறையும், ஓய்வெடுத்தால் கூடும். இந்த வாரம் வலது புட்டம், அடுத்த வாரம் இடது. வீட்டிலும் சரி, வெளியிலும் சரி அவர்களுக்குக் கிடைக்கும் ஆலோசனை ஒன்றுதான்: படுத்து ரெஸ்ட் எடு. அவர்களுக்கு இதைவிடக் கெடுதலான ஆலோசனை கிடையாது. இது அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்கிற வாத நோயின் ஆரம்பமாக இருக்கலாம். உடம்பின் நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டுகளைத் தாக்குகிறது; முதல் இலக்கு எஸ்.ஐ. மூட்டு. சிகிச்சை இல்லாமல் விட்டால் வருடங்கள் போகப் போக முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, முதுகு கூனி, கழுத்தைத் திருப்ப முடியாமல் போகலாம்.

உலகம் முழுவதும் இந்த நோயைக் கண்டுபிடிக்கச் சராசரியாகப் பல வருடங்கள் தாமதமாகிறது. அதற்கு ஒரு காரணம் எளிமையானது. இடுப்பு வலி என்றதும் எடுக்கிற எம்.ஆர்.ஐ. முதுகெலும்புக்கானது, எஸ்.ஐ. மூட்டு அதில் சரியாக விழுவதே இல்லை. அதற்குத் தனியாக எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். சாதாரண எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிய வருடங்கள் ஆகும். எச்.எல்.ஏ. பி27 என்ற ரத்தப் பரிசோதனை உதவும், ஆனால் அது பாசிட்டிவாக இருக்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இந்த நோய் வருவதே இல்லை. நெகட்டிவாக இருந்தும் நோய் உள்ளவர்களும் உண்டு. ஆகவே ரத்தப் பரிசோதனைச் சீட்டை வைத்துக்கொண்டு இரவெல்லாம் அழ வேண்டாம். இடுப்பு வலியோடு கூட, ஒரு கண் திடீரென்று சிவந்து, வலித்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போயிருக்கிறதா என்று நான் எப்போதும் கேட்பேன். கண் மருத்துவரிடம் சொட்டு மருந்து வாங்கி மறந்திருப்பார்கள். இரண்டும் ஒரே நோயாக இருக்கலாம். இப்படி ஒருவர் வந்தால் நான் என் சிகிச்சையோடு நிறுத்திக்கொள்ள மாட்டேன். மூட்டு வாத மருத்துவரிடம் அனுப்பிவிட்டுத்தான் அடுத்த வேலை. வீக்கத்தைக் குறைக்கும் வலி மாத்திரைகள் இந்த நோயில் உண்மையான மருந்து. அவை போதாதவர்களுக்குப் பயாலஜிக் ஊசிகள் வந்திருக்கின்றன. தினசரி உடற்பயிற்சி வாழ்நாள் முழுவதற்கும். பீடி சிகரெட்டை விட்டே ஆக வேண்டும். புகை இந்த நோயை வேகப்படுத்துகிறது.

ஆடு மாடு வளர்க்கிற பகுதி இது. மேச்சேரி ஆடு என்று ஓர் இனமே நம் பக்கத்து ஊர்ப் பெயரால் இருக்கிறது. பொட்டனேரியில் அதற்கு ஓர் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. அதனால் இதையும் சொல்லிவைக்கிறேன். ஆடு மாடுகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் புருசெல்லா என்ற கிருமி, காய்ச்சாத பால் வழியாகவோ, குட்டி போடும்போது வெறும் கையால் உதவும்போதோ உடம்புக்குள் வரலாம். அது எலும்பு மூட்டுகளைத் தாக்கும்போது அடிக்கடி தேர்ந்தெடுக்கிற இடங்களில் எஸ்.ஐ. மூட்டும் ஒன்று. விட்டுவிட்டு வருகிற காய்ச்சல், இரவில் வியர்வை, அதோடு ஒரு பக்க இடுப்பு வலி என்றால் மருத்துவரிடம் ஆடு மாடு வைத்திருக்கிறேன் என்று நீங்களே சொல்லுங்கள். அவர் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்ல மறக்காதீர்கள். இதேபோலக் காசநோயும் முதுகெலும்பிலும் இந்த மூட்டிலும் வரும். இருமலே இல்லாமல் வரும். எடை குறைவது, மாலைக் காய்ச்சல், இரவில் கூடும் வலி அதன் அடையாளங்கள். முதுகெலும்புக் காசநோய் என்றால் மாதக்கணக்கில் அசையாமல் படுத்திருக்க வேண்டும் அல்லது பெரிய அறுவை செய்ய வேண்டும் என்றிருந்த காலத்தில், பெரும்பாலான நோயாளிகளை நடமாடவிட்டபடியே மாத்திரைகளால் குணமாக்க முடியும் என்று காட்டிய ஆய்வுகளில் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் ஆய்வும் முக்கியமானது. நம் மாநிலத்தில் நடந்த நல்ல வேலை, பலருக்குத் தெரியாது.

தண்ணீரைப் பற்றியும் எழுதாவிட்டால் இந்தப் பகுதியின் இடுப்பு வலிக் கதை முழுமையாகாது. மேட்டூரில் இருக்கிற நாங்கள் காவிரித் தண்ணீர் குடிக்கிறோம். வடக்கே தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமும், சேலம் மாவட்டத்தின் சில இடங்களிலும் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் வருடக்கணக்கில் குடித்தால் பல்லில் கறை விழும். எலும்பு அடர்ந்து, தசைநார்களில் சுண்ணாம்பு படிந்து, முதுகும் இடுப்பும் விறைத்துவிடும். பார்ப்பதற்கு நான் மேலே சொன்ன வாத நோய் மாதிரியே இருக்கும். முன்கை எக்ஸ்ரேயில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கிற சவ்வு கெட்டிப்பட்டிருப்பது வித்தியாசத்தைக் காட்டிக்கொடுக்கும். மனித எலும்புகளில் இந்தப் பாதிப்பை இந்தியாவில் முதன்முதலில் விவரித்த கட்டுரை 1937-ல் பழைய சென்னை மாகாணத்திலிருந்துதான் வந்தது. நெல்லூர்ப் பக்கக் கிராமங்களைப் பார்த்து எழுதியது. 2013-ல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அந்த இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரியைக் கொண்டுபோனதற்கு இந்த ஃப்ளோரைடும் ஒரு காரணம். இளமையிலிருந்து போர் தண்ணீர் குடித்த பெரியவர்கள் முதுகு வளையவில்லை என்று வரும்போது, பிறந்த ஊரையும் குடித்த தண்ணீரையும் கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

சரி, சாதாரண எஸ்.ஐ. மூட்டு வலிக்கு என்ன செய்வது? முதலில் பயத்தைக் குறைப்பது. "இடுப்பு நழுவிடுச்சு" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் குனியவே பயப்படுவார்கள். இவ்வளவு வலுவான மூட்டு அப்படிச் சும்மா நழுவுவதில்லை. வலி தாங்குகிற அளவுக்கு நடமாடிக்கொண்டே இருக்க வேண்டும். படுக்கையில் கிடந்தால் புட்டத் தசை சீக்கிரம் இளைத்துவிடும், அந்தத் தசைதான் மூட்டை இறுக்கிப் பிடித்துக் காப்பாற்றுவது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கி நிறுத்துவது, ஒருக்களித்துப் படுத்து மேல் முழங்காலை மட்டும் விரிப்பது, அடிவயிற்றை லேசாக உள்ளிழுத்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாகத் தூக்குவது என்று எளிய பயிற்சிகளில் ஆரம்பித்து, நின்றபடி செய்வதற்குப் போவோம். முதல் இரண்டு வாரம் பலன் தெரியாது. அங்கேதான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஆறு வாரம், எட்டு வாரம் என்று மனசில் வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும். படுக்கையில் புரளும்போது இரண்டு முழங்காலையும் ஒட்டவைத்துக்கொண்டு புரளுங்கள். பேன்ட்டை உட்கார்ந்து போடுங்கள். பின்பாக்கெட்டில் தடிமனான பர்ஸை வைத்துக்கொண்டு லாரி ஓட்டாதீர்கள். தறி ஓட்டுகிறவர்கள் ஒரே காலில் எடையைப் போட்டு நிற்காமல், ஒரு சிறிய பலகைமேல் காலை மாற்றி மாற்றி வையுங்கள்.

பெல்ட்டைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். மருந்துக் கடையில் வாங்கி வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொள்கிற அகலப் பட்டை இதற்கு இல்லை. எஸ்.ஐ. மூட்டுக்கான பெல்ட் குறுகலானது. இடுப்பெலும்பின் மேட்டுக்குக் கீழே, தொடை ஆரம்பிக்கிற இடத்துக்கு மேலே கட்ட வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பிரசவமானவர்களுக்கும் அது நடக்கும்போது நல்ல ஆறுதல் தரும். வருடக்கணக்கில் கட்டிக்கொண்டிருக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. இடுப்புப் பட்டைகளையும், டிராக்‌ஷன் போட்டு இழுப்பதையும் வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்று அது சொல்கிறது; உடற்பயிற்சியையும் நோயாளிக்குப் புரியவைப்பதையும் முன்னால் வைக்கிறது. இது என் தொழிலில் இருக்கிறவர்களுக்கே கசப்பான செய்தி. டிராக்‌ஷன் கட்டிலும் கரன்ட் ஒத்தடமும் இல்லாவிட்டால் வைத்தியமே நடக்கவில்லை என்று நோயாளி நினைக்கிறார். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: கட்டிலில் படுத்துக் கிடந்து வாங்கிக்கொள்கிற சிகிச்சையைவிட, நீங்களே எழுந்து செய்கிற சிகிச்சைதான் இந்த வலியை நீண்ட நாளைக்கு விரட்டும்.

சுளுக்கு எடுக்கிறவரிடம் போகலாமா என்றும் கேட்கிறார்கள். எங்கள் பக்கம் கால் முன்னால் வந்து பிறந்தவர் இடுப்பில் மிதித்தால் பிடிப்பு விடும் என்று நம்பிக்கை உண்டு. எண்ணெய் தேய்த்து மெதுவாக நீவிவிட்டால் தசை இளகும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 50 வயதுக்கு மேல் எலும்பு தேய்ந்தவர்களையும், காசநோயோ புற்றுநோயோ இருக்கலாம் என்கிறவர்களையும், ஏற்கெனவே முதுகெலும்பு ஒட்டிப்போன வாத நோயாளிகளையும் யாரும் மிதிக்கவோ முறுக்கவோ கூடாது. எலும்பு உடைந்துவிடும். பெயர் எழுதாத பொட்டலத்தில் வருகிற பொடியும் வேண்டாம். அன்றைக்கே வலி போய்விட்டால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள்.

பயிற்சி செய்தும் மாதக்கணக்கில் வலி விடாதவர்களுக்கு மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடலாம். சில வாரம், சில மாதம் நிம்மதி கிடைக்கும். அந்த நேரத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொண்டால்தான் அதற்குப் பலன். மூட்டுக்கு வரும் சிறு நரம்புகளை ரேடியோ அதிர்வெண் சூட்டால் செயலிழக்கச் செய்யும் முறையும் பெரிய ஊர்களில் இருக்கிறது. திருகாணி போட்டு மூட்டை நிரந்தரமாக ஒட்டவைக்கிற அறுவை, எதற்கும் அடங்காத மிகச் சிலருக்கு மட்டும். ஒன்றைக் கவனித்திருக்கிறேன்: முதுகெலும்பில் கம்பி போட்டு ஒட்டவைத்த அறுவைக்குப் பின் புதிதாக ஒரு பக்க இடுப்பு வலி வந்தால், ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். மேலே அசைவு நின்றதால் அதற்கு அடுத்துள்ள எஸ்.ஐ. மூட்டில் சுமை கூடியிருக்கலாம். அதைத் தனியாகச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

சில அறிகுறிகளுக்கு என்னிடமோ வேறு பிசியோதெரபிஸ்டிடமோ வரவே வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சிறுநீர் திடீரென்று கழிக்க முடியாமல் போவது, மலம் அடக்க முடியாமல் போவது, உட்காரும் இடமும் தொடை இடுக்கும் மரத்துப்போவது, கால் வேகமாக வலுவிழப்பது. இவை தெரிந்தால் அன்றைக்கே போங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

நடக்க முடியாத பெரியவர்களுக்கு வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருகிற ஏற்பாடு 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இருக்கிறது. கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். அவர்கள் வரும்போது, எல்லாப் படங்களையும் எடுத்து நீட்டுவதற்கு முன், வலி எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது, இரவில் எழுப்புகிறதா, காலையில் பிடிப்பு எவ்வளவு நேரம் என்று இந்த நாலையும் சொல்லுங்கள். வலிக்கிற இடத்தையும் காட்டுங்கள்.